தோன்றா எழுவாய்: வெண்மணிக் கல்லும் ‘குருதிப்புன’லும்

இறந்தோர் பெயரைக் கல்லில் பொறித்து நினைத்தல் தமிழர்க்குப் புதிதன்று. தக்க கல்லைத் தேடிக் காண்பது தொடங்கி, அதனை நட்டு வாழ்த்துவது ஈறாகத் தொல்காப்பியம் அதற்கு ஒரு முறையே வகுத்திருக்கிறது. செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களைத் தமிழ்நாடு அரசின் தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-இல் தொகுத்து நூலாக்கியது. அக்கல்வெட்டுகளைப் படிப்போர் ஒன்றை உணர்வர். அவை வெறும் புலம்பல் அல்ல, செய்தி. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, இறந்தவன் யாருடைய சேவகன், அவன் பெயர் என்ன, எவ்வூர் ஆநிரையை எவர் கவர வந்தபோது பொருது பட்டான் என்பவை பல கற்களில் ஒன்றிரண்டு வரிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. எடுத்தனூரில் கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல்லில், அவனுடன் நின்று கள்வரைக் கடித்த கோவிவன் என்னும் நாயும் பெயரோடு இடம்பெற்றது. அரசலாபுரத்தில் போரிட்டு வீழ்ந்த சேவல் ஒன்றிற்கும் கல் உண்டு. நாய்க்கும் சேவலுக்கும் கல்லெடுத்த பெருமனம் நம் முன்னோருடையது என்று மேடைகளில் பேசி மகிழ்கிறோம். மகிழத்தக்கதே.

ஆயினும் அந்த ஆநிரைகளை மேய்த்தவனுக்கும், அவ்வூர் வயல்களில் நாற்று நட்டவளுக்கும், அவர்தம் பிள்ளைகளுக்கும் கல் எழ நெடுங்காலம் ஆயிற்று. அவ்வாறு எழுந்த கற்களுள் தலையாயது, அன்றைய தஞ்சை மாவட்டத்தில், இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்துக் கீழ்வேளூர் வட்டத்தில் நிற்கும் கீழ்வெண்மணி நினைவுச் சின்னம். அதனையும், அதே நிகழ்ச்சியை வித்தாகக் கொண்டு தில்லியில் வாழ்ந்த ஒருவர் எழுதிய ‘குருதிப்புனல்’ நாவலையும் அருகருகே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து. ஒன்று கல், மற்றொன்று கதை. இரண்டும் ஒரே இரவைப் பற்றியவை.

அவ்விரவு 1968 டிசம்பர் 25. கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததும், நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் நிலவுடைமையாளர் திரண்டு நின்றதும் அதன் முன்கதை. அன்று மாலை நிலவுடைமையாளர் தரப்பைச் சேர்ந்த ஒருவர் கொல்லப்பட்டார் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. இரவில் ஆட்கள் சேரிக்குள் புகுந்தனர். ஆண்களுள் ஓடக்கூடியோர் வயல்களில் ஓடி மறைந்தனர். ஓட இயலாத பெண்களும் குழந்தைகளும் முதியோரும் தெருக்கோடியில் இருந்த ராமையாவின் சிறு குடிசைக்குள் புகுந்து கதவடைத்துக்கொண்டனர். குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. 44 பேர் மாண்டனர்.

இவ்விடத்தில் வாசகர் நம்மை ஒரு கணம் நிறுத்தலாம். ‘தீ வைக்கப்பட்டது’ என்று நாமும் எழுதிவிட்டோம் அல்லவா? தெரிந்தே எழுதினோம். அச்சொற்றொடரே இக்கட்டுரையின் பொருள். ‘வந்தான்’ என்று மட்டும் சொன்னால், வந்தவன் ‘அவன்’ என்பதை வினைமுற்றின் விகுதியே காட்டிவிடும். அதனைத் தோன்றா எழுவாய் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். சொல்லாவிட்டாலும் ஆள் அங்கே இருக்கிறான். ‘கொல்லப்பட்டனர்’ என்னும்போதோ நிலை வேறு. விகுதி காட்டுவது கொல்லப்பட்டவரை. எழுவாயின் இருக்கையில் செயப்படுபொருள் வந்து அமர்ந்துகொள்ள, கொன்றவர் வாக்கியத்தை விட்டே வெளியேறிவிடுகிறார். அலுவலகக் கோப்புகளில் நாள்தோறும் குறிப்பெழுதிப் பிழைப்போர்க்கு இவ்வினையின் வசதி நன்கு தெரியும். ‘கோப்பு தவறவிடப்பட்டது’ என்றால் தவறவிட்டவர் உலகில் எவரும் இலர்.

வெண்மணியில் இவ்வசதியை நீதிமன்றமே வழங்கியது. 1970-இல் நாகப்பட்டினத்து அமர்வு நீதிமன்றம், வழக்கில் முதற்குற்றவாளியாக நிறுத்தப்பட்ட கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட சிலருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பெருநிலமும் மோட்டார் வண்டியும் உடைய கனவான்கள் தாமே நடந்து சென்று குடிசைக்கு நெருப்பிட்டிருப்பர் என்பது நம்பத்தக்கதன்று என்னும் பொருள்பட அத்தீர்ப்பு அமைந்தது. அன்று மாலை நிகழ்ந்த அந்த ஒரு கொலைக்கு மட்டும் தொழிலாளர் தண்டனை பெற்றனர். ஒருவர் மாண்ட வாக்கியத்திற்கு எழுவாய் கிடைத்தது. 44 பேர் மாண்ட வாக்கியத்திற்குக் கிடைக்கவில்லை. கோபாலகிருஷ்ண நாயுடு 1980 டிசம்பரில் கொலையுண்டார். அது தனிக்கதை.

தீர்ப்பு வந்து இரண்டாண்டுகள் கழித்து, 1975-இல், ‘குருதிப்புனல்’ நூலாயிற்று. 1977-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இந்திரா பார்த்தசாரதி கும்பகோணத்தில் வளர்ந்து, தில்லிப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் தமிழ் கற்பித்தவர். ‘தந்திர பூமி’, ‘சுதந்திர பூமி’ முதலிய நாவல்களில் இத்தலைநகரின் அதிகார வாழ்வை எள்ளலோடு தீட்டியவர். ஆகவே அவரை ‘நம்மவர்’ என்று தில்லித் தமிழர் உரிமை கொண்டாடுவது இயல்பு. அவ்வுரிமை பாராட்டுவதற்கு மட்டும் உரியதன்று. கேள்வி கேட்பதற்கும் உரியது.

நாவலின் நாயகர் கோபாலும் சிவாவும் தில்லியிலிருந்து சிற்றூருக்குச் செல்லும் படித்தவர்கள். நூலின் பெரும்பகுதி அவர்கள் கண்வழியே, அவர்கள் உரையாடல் வழியே நகர்கிறது. மார்க்சியம், வன்முறை, தனிமனிதன், சமுதாயம் என்று அவர்கள் பேசும் பேச்சு கூர்மையானது. அது தில்லியின் காப்பிக் கடைகளில் பேசப்படும் பேச்சு. அவ்வறிவாளர்தம் இயலாமையை ஆசிரியர் ஒளிக்கவில்லை. ஊருக்குச் சென்று நின்றும் எதையும் தடுக்கமாட்டாத கல்வியைப் பார்த்து அவர் நகைக்கிறார். அந்நகை நம்மீதும் விழுகிறது. நூலின் நேர்மை இதில் உள்ளது.

எதிர்நிலையில் நிற்பவர் கண்ணையா நாயுடு என்னும் நிலக்கிழார். அவருடைய கொடுமைக்கு வேர் அவருடைய ஆண்மைக் குறையில் இருப்பதாக நாவல் காட்டுகிறது. அந்நாளிலேயே இதற்கு எதிர்ப்பு எழுந்தது. கூலிப் போராட்டத்தை ஒரு மனிதனின் உடற்குறையாகச் சுருக்கிவிட்டார் என்று இடதுசாரித் திறனாய்வாளர் குற்றம் சாட்டினர். அக்குற்றச்சாட்டை நாம் முழுதும் ஏற்கவில்லை. முழுதும் தள்ளவும் இயலவில்லை. 1973-இல் நீதிமன்றம் ‘செய்தவர் இவர் எனக் கூறற்கில்லை’ என்று கைவிரித்த வாக்கியத்திற்கு, 1975-இல் ஒரு நாவலாசிரியர் துணிந்து எழுவாய் தேடினார். செய்தவனுக்கு முகமும் உடலும் மனமும் தந்து நம் முன் நிறுத்தினார். தமிழ்ப் புனைகதையில் அது சிறு செயலன்று. ஆனால் அவர் கண்ட எழுவாய் ஒருமை. உண்மை நிகழ்ச்சியின் எழுவாயோ பன்மை: ஒரு சங்கம், அதன் உறுப்பினர், அவர்தம் அடியாட்கள், நிலமும் சாதியும் காவலும் ஒன்றையொன்று தாங்கி நின்ற ஓர் ஏற்பாடு. ஒருவனுடைய நோயைச் சொன்னதும் ஏனையோர் நலமுடையோர் ஆகிவிடுகின்றனர். நாவலை மூடிய வாசகன், ‘இப்படி ஒரு பைத்தியக்காரன் இருந்தான்’ என்று மூச்சுவிட்டு உறங்கச் செல்ல வழி இருக்கிறது. அந்த வழியை ஆசிரியர் அடைத்திருக்க வேண்டும் என்பது நம் கருத்து.

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். உண்மை வழக்கின் முதற்குற்றவாளி பெயரின் முற்பகுதி ‘கோபால’. நாவலிலோ நல்லவன் பெயர் கோபால். ஆசிரியர் வேண்டுமென்றே செய்தாரோ, தானாக அமைந்ததோ, ஊரும் பேரும் இடம்மாறி நிற்கின்றன. அது கதைக்கு உள்ள உரிமை. ஆனால் வேறொரு குறையை அவ்வுரிமையால் மறைக்க இயலாது. தில்லியிலிருந்து சென்ற இருவர் மனத்தின் மூலை முடுக்கெல்லாம் நமக்குத் தெரிகிறது. கொளுத்தியவன் படுக்கையறை வரை தெரிகிறது. எரிந்து போனவர்களோ ஒரு தொகையாகவே நிற்கின்றனர். சேரி மக்களுள் பெயரோடும் குரலோடும் நம் மனத்தில் தங்குவோர் மிகச் சிலர்.

கதை விட்ட இவ்விடத்தைக் கல் நிரப்புகிறது. வெண்மணி நினைவுச் சின்னத்தில் 44 பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று பல மாவட்டங்களிலிருந்தும் தொழிலாளர் அங்குக் கூடி வணக்கம் செலுத்துகின்றனர். அரசு எழுப்பிய கல் அன்று அது, இயக்கம் எழுப்பியது. ஒரு பொதுவுடைமைக் கட்சியும் அதன் தொழிற்சங்கமும் அரை நூற்றாண்டுக்கு மேலாக விடாது காத்து வருவதாலேயே அப்பெயர்கள் இன்று படிக்கக் கிடைக்கின்றன. அக்கட்சியோடு உடன்படாதவரும் இதற்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டவரே.

எனினும், கல்லைச் சுற்றி வழங்கும் சொல் ஒன்று நம்மை உறுத்துகிறது. ‘வெண்மணித் தியாகிகள்’ என்பது அது. தியாகம் என்பது ஒருவர் தாமே மனமுவந்து கொடுப்பது. கொடியை இறக்க மறுத்தவர்களுக்கு அச்சொல் பொருந்தும். அவர்களுள் பலர் அன்று வயலில் மறைந்து உயிர் தப்பியோர். தாய் இடுப்பில் இருந்த குழந்தை எதனைத் தியாகம் செய்தது? அதனிடம் எவரும் கேட்கவில்லை. ‘தியாகி’ என்றவுடன் இறப்பு இறந்தவரின் செயல் ஆகிவிடுகிறது. எழுவாய் இருக்கையில் மீண்டும் அவரே அமர்த்தப்படுகிறார், இம்முறை மாலையோடு. இயக்கத்திற்கு அச்சொல் வேண்டும் என்பதை உணர்கிறோம். எரிந்தவரைப் பரிதாபத்திற்குரியோராக மட்டும் விடாமல் நிமிர்த்தி வைக்க அது முயல்கிறது. ஆனால் கொலையைக் கொலை என்று சொல்லிய பின்னரே தியாகத்தைப் பற்றிப் பேசலாம்.

அயலான் கொன்றால் நமக்கு இத்தடுமாற்றம் இல்லை. ஜாலியன்வாலா பாகில் 1919 ஏப்ரல் 13-இல் சுட்டவன் பெயர் எது என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் ‘டையர்’ என்று உடனே சொல்வர். அங்கே அரசே நினைவுச் சின்னம் எழுப்பியது; 1961-இல் குடியரசுத் தலைவர் திறந்து வைத்தார். கொன்றவன் பக்கத்து ஊர்க்காரன் ஆகும்போதுதான் நம் மொழியில் செயப்பாட்டுவினை பெருகுகிறது.

இவ்வகையில் அமெரிக்கர் அண்மையில் செய்திருப்பது கருதத்தக்கது. அங்கே 1877 முதல் 1950 வரை வெள்ளையர் கும்பல்கள் கறுப்பின மக்களைப் பொதுவிடங்களில் தூக்கிலிட்டும் எரித்தும் கொன்றன. 4,000-க்கும் மேற்பட்ட அக்கும்பற்கொலைகளைப் பிரையன் ஸ்டீவன்சன் என்னும் வழக்கறிஞர் நிறுவிய ‘ஈக்குவல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ்’ அமைப்பு தொகுத்து, 2018 ஏப்ரலில் அலபாமா மாநிலத்து மாண்ட்காமரியில் நினைவிடம் திறந்தது. மாவட்டத்திற்கு ஒன்றாக 800-க்கும் மேற்பட்ட எஃகுப் பாளங்கள். அவற்றில் இறந்தோர் பெயர்; பெயர் கிட்டாதவர்க்கு ‘அறியப்படாதவர்’ என்றேனும் ஒரு வரி. ஒவ்வொரு பாளத்திற்கும் ஓர் இரட்டை வெளியே கிடத்தப்பட்டுள்ளது. அந்தந்த மாவட்டத்தார் வந்து எடுத்துச் சென்று தம் ஊரில் நிறுத்த வேண்டும் என்பது திட்டம். கொலை நடந்த இடங்களின் மண்ணையும் கண்ணாடிச் சாடிகளில் இட்டுப் பெயரெழுதி வைத்திருக்கின்றனர். கொலை நடந்த ஊர்களிலேயே அறிவிப்புப் பலகைகளும் நடப்படுகின்றன. கொன்றது வெள்ளையர் கும்பல் என்பதை அப்பலகைகள் வெளிப்படையாகச் சொல்கின்றன. எழுவாய் தோன்றும் வாக்கியங்கள் அவை.

அத்தகைய வாக்கியத்திற்கு விலை உண்டு. 1955-இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட எம்மெட் டில் என்னும் 14 வயதுச் சிறுவனின் உடல் கிடைத்த ஆற்றங்கரைக்கருகே 2008 முதல் நிறுத்தப்பட்ட பலகைகள் களவாடப்பட்டன, துப்பாக்கியால் சுடப்பட்டன. 2019-இல் குண்டு துளைக்காத எஃகில், 500 பவுண்டு எடையில், புதிய பலகை நாட்ட வேண்டியதாயிற்று. யாரையும் சுட்டாத பலகையை யாரும் சுடுவதில்லை.

அமெரிக்கா தொலைவு. தில்லிக்கு வருவோம். 1984 நவம்பர் முதல் நாட்களில் இந்நகரில் சீக்கியர் கொல்லப்பட்டனர். அரசு ஏற்ற கணக்கே 2,733. மயூர் விகாரில் வாழும் நம் குடும்பங்களுக்குத் திரிலோக்புரி கூப்பிடு தொலைவு. அந்நாட்களைப் பெரியோர் இன்றும் ‘கலவரம்’ என்றே குறிக்கின்றனர். இந்தியிலும் அதே சொல்தான். கலவரம் என்பது மழை போன்றதொரு சொல், தானே வந்து தானே ஓயும், செய்தவன் வேண்டா. 2017 ஜனவரியில் ரகாப்கஞ்ச் குருத்வாரா வளாகத்தில், நாடாளுமன்றத்திற்கு மிக அருகே, ‘சத்தியச் சுவர்’ என்னும் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. பெயர்கள் அங்கே உள்ளன. அச்சுவரையும் அரசு எழுப்பவில்லை; பறிகொடுத்த சமூகமே தன் மனையில் எழுப்பிக்கொண்டது. 2018 டிசம்பரில், 34 ஆண்டுகள் கழித்து, தில்லி உயர் நீதிமன்றம் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தபோது, அந்நீண்ட வாக்கியத்தில் ஓர் எழுவாய் ஒருவாறு தோன்றியது.

மீண்டும் இந்திரா பார்த்தசாரதிக்கு வருவோம். அவரை நாம் குறை சொல்லி மட்டும் விட்டுவிட இயலாது. ‘குருதிப்புனலு’க்குப் பின் அவர் எழுதிய நாடகம் ‘நந்தன் கதை’. அதுவும் சோழநாட்டுக் கதை, அதிலும் நெருப்பு. பெரியபுராண மரபில் நந்தனார் தீயில் மூழ்கித் தூயவராய் எழுந்து தில்லையம்பலத்தில் கலக்கிறார். அங்கே தீயில் புகுவது அவரே, எழுவாய் அவரே. தீ வளர்த்தவர் கருவியாய் ஒதுங்கிக்கொள்கின்றனர். இந்நாடகத்திலோ நந்தன் சூழ்ச்சியால் தீக்குள் அனுப்பப்படுகிறான். அனுப்புவோர் மேடையில் நம் கண்ணெதிரே கூடிப் பேசித் திட்டமிடுகின்றனர். ஒருவர் அல்லர், பலர். சாதிப் பெருமையும் நிலமும் ஒருங்கு கூடிய ஒரு கூட்டம். எரிகிறவனுக்குப் பெயர் உண்டு, ஆசை உண்டு, பாட்டும் ஆட்டமும் உண்டு. நாவலில் ஒருமையாய் இருந்த எழுவாய் நாடகத்தில் பன்மையாகியது; நாவலில் தொகையாய் இருந்தவர் நாடகத்தில் ஆளாயினர். ‘குருதிப்புனல்’ மீது நாம் கூறிய இரு குறைகளுக்கும் விடையை அவ்வாசிரியரே தந்துவிட்டார் என்று கொள்ளலாம். விருது பெற்ற நாவலைப் படித்தோருள் எத்தனை பேர் அந்நாடகத்தைப் படித்தனரோ!

வெண்மணி பற்றிய எழுத்து இவற்றோடு நிற்கவில்லை. சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’, பாட்டாளியின் ‘கீழைத்தீ’, ஆங்கிலத்தில் மீனா கந்தசாமி எழுதிய நாவல் எனப் பின்வந்தவை உண்டு. பாரதி கிருஷ்ணகுமாரின் ‘ராமையாவின் குடிசை’ என்னும் 2005-ஆம் ஆண்டு ஆவணப்படம் ஊராரையே பேச வைத்தது. எரிந்த குடிசைக்கு உடையவன் பெயரைத் தலைப்பாக வைத்ததே நல்ல திறனாய்வு.

இவற்றையெல்லாம் தில்லியில் இருந்துகொண்டு நாம் ஏன் பேச வேண்டும் என்று கேட்போர்க்கு ஒன்று சொல்வோம். நம் சங்கத்தில் தஞ்சைத் தரணியிலிருந்து வந்தோர் மிகப் பலர். காவிரி, நெற்களஞ்சியம், கோயில், சங்கீதம் என்று நம் பிள்ளைகளுக்கு ஊரைச் சொல்லித் தருகிறோம். விடுமுறைக்குச் சென்றால் திருவாரூர்த் தேரையும் நாகூரையும் வேளாங்கண்ணியையும் காட்டுகிறோம். அச்சுற்றுவழியில் கீழ்வெண்மணி எட்டாத் தொலைவில் இல்லை. நம்முள் சிலருடைய பாட்டனார் நிலம் வைத்திருந்தவர். சிலருடையவர் அந்நிலத்தில் உழைத்தவர். சங்கத்தின் விழா மண்டபத்தில் இருசாராரும் அடுத்தடுத்த நாற்காலியில் அமர்கின்றனர். இதனைப் பற்றி ஒருவரோடொருவர் பேசியதில்லை. ‘அக்காலத்தில் ஏதோ நடந்தது’ என்பதோடு பேச்சு மாறிவிடும். ‘நடந்தது’ என்பதும் எழுவாயை மறைக்கும் வினையே.

‘குருதிப்புனல்’ மறுபதிப்புகள் காணும் நாவல். அடுத்துப் பதிப்பிப்போர் இறுதியில் இரு பக்கம் சேர்த்து, கல்லில் உள்ள 44 பெயர்களையும் அச்சிட்டால், கதைக்குக் கல்லும் கல்லுக்குக் கதையும் துணையாகும். பதிப்பாளர் செய்யும் வரை காத்திருக்கவும் வேண்டுவதில்லை. விடுமுறையில் ஊர் செல்வோர் ஒருவர் அக்கல்லின் முன் நின்று பெயர்களை வரிசை மாறாமல் படியெடுத்து வரட்டும். தட்டச்சு செய்த ஒரு தாளை நம் நூலகப் படியின் பின்னட்டை உட்புறத்தில் ஒட்டிவிடலாம். பசையும் தாளும் நம்மிடம் உள்ளன. இணைப்புத் தாள் ஒட்டுவதில் நம்முள் பலருக்கு முப்பதாண்டுப் பழக்கமும் உண்டு.